ஒட்டு எங்கே?

என்னுடைய அப்பா டொரொண்டோவில் இருபத்திரண்டு வருடம் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் வேலை செய்தார். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எஞ்சினியரிங் கொம்பனி" என்று சொல்லித் தப்பிவிடுவேன். அவருடைய ஜாக்கெட்டில் எப்போதும் சவர்க்கார மணமும் எண்ணெய் மணமும் இருக்கும். எனக்கு அது வெட்கம்.

பிறகு நான் மாஸ்டர்ஸ் படித்தேன். ஆய்வுகூடத்தில் இரண்டு உருக்குக் குழாய்த் துண்டுகள் தந்தார்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டார்.

"இது இழுத்தது. ஒட்டு எங்க இருக்குது எண்டு சொல்லு பாப்பம்."

தடவிப் பார்த்தேன். தெரியவில்லை.

அப்பா ஒரு கடுதாசியைச் சுருட்டிக் காட்டினார். தட்டையான உருக்குப் பட்டையை உருளைகள் இப்படித்தான் வளைக்கும். உயர் அதிர்வெண் மின்சாரம் இரண்டு விளிம்புகளையும் சூடாக்கும், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பிதுங்கி நிற்பதைச் சீவி எடுப்பார்கள். பிறகு சூட்டில் பதப்படுத்தி, அமிலத்தில் கழுவி, பொஸ்பேற்றும் சவர்க்காரமும் பூசுவார்கள். கடைசியாக, உள்ளே ஒரு தண்டை வைத்து, சூடாக்காமலே சிறிய அச்சுக்குள்ளால் இழுப்பார்கள்.

"சவர்க்காரம் இல்லாட்டி குழாயும் அச்சும் ஒண்டோட ஒண்டு பிடிச்சிடும்," என்றார்.

அந்த மணத்தின் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 38 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாயை 32 விட்டத்துக்கும் 2.5 சுவருக்கும் இழுத்தால், 5 மீட்டர் குழாய் ஏறக்குறைய 7 மீட்டராக நீளும். அளவு துல்லியமாகும், பலம் கூடும். ஆனால் வளைந்துகொடுக்கும் தன்மை குறையும். அதனால் மேலும் இழுக்க வேண்டுமென்றால் மறுபடி சூடாக்கி இளக வைக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தில் துண்டை மினுக்கி, அமிலம் தடவி, நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். வெளிறிய மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. ஒட்டு அங்கேயே இருந்தது. இன்னொரு துண்டை நசுக்கிப் பார்த்தோம், வெடிக்கவில்லை. அன்றிரவு அப்பாவுக்குச் சொன்னேன்.

"ஒட்டை எந்தப் பக்கம் வைச்சு நசுக்கினனீ?"

"பக்கவாட்டில, அப்பா."

"அப்ப சரி. அங்கதான் கூட வளையும்."

எங்கள் பேராசிரியரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்.

இப்போது நான் ஐடி வேலை செய்கிறேன். அப்பா என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், குழாய் இழுத்தார் என்று சொல்கிறேன். அது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு கடுதாசியைச் சுருட்டிக் காட்டுகிறேன்.

உங்கள் அம்மா அப்பா என்ன வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.