வீட்டுக் குட்டையும் கொசுப் பயமும்



தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து காட்டாத தொடக்கப்பள்ளி ஆசிரியர் எவரும் இருக்க மாட்டார். மாணவர்களும் அதனை மனனம் செய்து புள்ளிகள் பெற்றுவிடுவர். ஆயினும், கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்ககங்களிலும் தாமான் வீடுகளிலும் வளரும் நம் பிள்ளைகளுள் தலைப்பிரட்டையைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? என் வகுப்பில் கேட்டபொழுது மூவர் கையை உயர்த்தினர். அவர்களுள் ஒருவன் கண்டது தொலைக்காட்சியிலாம்!

தோட்டப்புறக் கால்வாய்களில் மீன் பிடித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, கால்வாய்கள் சிமெண்டாகிவிட்டன. ஆதலின், கிள்ளானில் உள்ள என் வீட்டின் பின்புறத்தில், ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு குட்டை அமைப்பதென முடிவு செய்தேன். அழகுக்கான கோய் மீன் தொட்டியன்று. தவளையும் தும்பியும் தாமே தேடிவந்து வாழ்வதற்கான குட்டை.

மண்வெட்டியை எடுத்த அன்றே பக்கத்து வீட்டு மக்சிக் வேலியருகே வந்து நின்றுவிட்டார். அவருடைய மகன் டிங்கிக் காய்ச்சலால் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தவன். "ஆசிரியரே, தண்ணீரைத் தேக்கி வைக்கப் போகிறீர்களா?" என்று மலாயில் கேட்டார். குரலில் சினம் இல்லை, அச்சம்தான் இருந்தது.

அவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது. 2019ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டோருள் பாதிக்கும் மேற்பட்டோர் சிலாங்கூர்வாசிகள். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு காணப்பட்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி தண்டமும் உண்டு.

எனினும், ஏடிஸ் கொசு எங்கே முட்டையிடுகிறது என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பூச்சாடித் தட்டு, பழைய டயர், கூரைப் பீலி, மூடாத வாளி போன்ற சிறு கலங்களே அதற்கு விருப்பமானவை. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கலத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். அம்முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை. மழை நீர் தொட்டதும் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அச்சிறு கலத்தில் புழுவைத் தின்ன எவருமில்லை என்பதுதான் கொசுவுக்குக் கிடைத்த வரம். உயிருள்ள குட்டையிலோ தின்பதற்குப் பெரும்படையே காத்திருக்கும்.

இதனை மக்சிக்கிடம் சொல்லாற் சொல்லிப் பயனில்லை என்று உணர்ந்து, கண்ணாடிப் புட்டி ஒன்றில் இரண்டு கெப்பாலா தீமா மீன்களை விட்டு, என் வீட்டுப் பூச்சாடித் தட்டிலிருந்து எடுத்த கொசுப்புழுக்களை அவர் முன்னிலையிலேயே அதில் ஊற்றினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. புட்டியில் மீன்கள் மட்டுமே இருந்தன. அவருடைய மகன் கைதட்டினான். அவர், "சரி, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

இம்மீனைப் பற்றி ஒரு சொல். தலையின் மேல் வெள்ளீயத் துளி போன்று மின்னும் புள்ளி இருப்பதால் மலாய்க்காரர்கள் இட்ட பெயர் அது. ஈயம் தோண்டிய பள்ளங்களே ஏரிகளாகிவிட்ட நிலத்தில் இதைவிடப் பொருத்தமான மீன் ஏது? தித்திவங்சா ஏரியும் ஒரு காலத்தில் ஈயக்குட்டைதானே! தென்னமெரிக்காவிலிருந்து வந்த கப்பி மீனும் புழுவைத் தின்னும். ஆனால் மழைவெள்ளத்தில் தப்பிக் கால்வாயெங்கும் பெருகிவிடும். ஆதலால் அதனைத் தவிர்த்தேன். குளிர்நாட்டு நூல்கள் இத்தகைய குட்டைகளில் மீனே வேண்டாம் என்கின்றன, தலைப்பிரட்டைகளை அவை தின்றுவிடும் என்பதால். டிங்கி உள்ள நாட்டில் அவ்வறிவுரை பொருந்தாது என்பது என் துணிபு. மீன்களை எட்டோடு நிறுத்திக்கொண்டு, தலைப்பிரட்டை ஒளிவதற்குச் செடிகளை அடர்த்தியாக நட்டால் போதும்.

நடுவில் அரை மீட்டர் ஆழம். ஒரு பக்கம் சரிவு, விழுந்த பிராணி ஏறிவர. அடியில் தடித்த நெகிழித் தாள், அதன்மேல் உரமிடாத களிமண். குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பதால் மழைநீரையே நிரப்பினேன். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் அதற்கென்ன பஞ்சம்! மிகுநீர் வழிந்தோட ஒரு வாய்க்கால் வைத்து, மீன் வெளியேறாதபடி அதற்கு வலையும் இட்டேன். சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களில் ஒன்றை மறக்கவே கூடாது: நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே, குழந்தையின் எடையைத் தாங்கும் இரும்புக் கம்பிவலையைப் பொருத்த வேண்டும். முழங்கால் அளவு நீரும் குழந்தையின் உயிரைக் குடிக்கும்.

செடிகளில் தாமரையை விரும்பாதவர் இலர். ஆனால் அது சிறு குட்டையை விழுங்கிவிடும். அல்லி ஒன்று, கரையில் வல்லாரை, கங்குங், கோரை, நீருக்குள் வேலம்பாசி. வெங்காயத்தாமரையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாம் வாரமே தும்பிகள் வந்தன. அவற்றின் இளம்பருவம் நீருக்குள் வாழ்ந்து, மடங்கிய கீழுதட்டை நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வுவதை என் மாணவர்கள் உருப்பெருக்கியில் கண்டு வாய்பிளந்தனர். ஒரு மழை இரவிற்குப் பின் கோரைத் தாளில் சோப்பு நுரை போன்ற உருண்டை தொங்கியது. மரத்தவளையின் முட்டைக் கூடு அது. சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக நீரில் சொட்டின. அன்று கரும்பலகை தேவைப்படவில்லை.

மக்சிக் இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் கைவிளக்குடன் வந்து குட்டையைப் பார்வையிடுகிறார். புழுவொன்றும் அகப்படவில்லை. ஆனால் போன மாதம் அவர் வீட்டுப் பணப்பயிர்ச் செடியின் தட்டில் அவருடைய மகனே புழுவைக் கண்டுபிடித்துவிட்டான்! இப்பொழுது என் கவலையெல்லாம், கால்வாய் வழியாக வந்து மீனைக் குறிவைக்கும் உடும்பைப் பற்றியதே. அதனைத் துன்புறுத்தாமல் தடுக்கும் வழி அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.