முழு எண்ணில் அடங்காத விகிதம்

செவ்வாய், இரவு

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. முக்கோணவியல் பாடம் ஆரம்பித்திருக்கிறார்களாம். சாயங்காலம் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். கோணங்கள் 30°, 60°, 90°. சிறிய பக்கம் 3 செ.மீ.; மற்ற இரண்டு பக்கங்கள் எவ்வளவு என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "30:60:90-ஐச் சுருக்கினா 1:2:3. அப்போ 3, 6, 9 அத்தை."

சுருக்கியதில் தப்பில்லை. மீப்பெரு பொதுக் காரணியைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறாள். கோணங்களின் விகிதத்தைப் பக்கங்களுக்கும் அப்படியே போட்டதுதான் பிசகு. பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்பது உண்மை; கோணம் இரட்டித்தால் எதிர்ப்பக்கமும் இரட்டிக்கும் என்பது உண்மையில்லை. இதை வாயால் சொல்லி என்ன பயன்? விளக்குமாற்றில் ஈர்க்குச்சி உருவி, 3, 6, 9 செ.மீ. அளந்து நறுக்கிக் கொடுத்தேன். முக்கோணம் வைக்கச் சொன்னேன். 3-ம் 6-ம் நீட்டிப் படுத்து 9-ன் மேலேயே ஒட்டிக்கொண்டன. மூன்று தரம் முயன்றாள். "ரெண்டும் சேர்ந்தாலே ஒன்பதுதானே அத்தை, எப்படி மேலே எழும்பும்?" என்றாள். அதைவிட நன்றாக நானும் சொல்லியிருக்க முடியாது.

புதன்

இன்று அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸும் அவள் அண்ணனுடையதும் வந்தன. இரண்டிலிருந்தும் 30–60 மூலைமட்டங்களை எடுத்து, செங்கோணத்தை ஒட்டிய பக்கங்களில் நீளமானதோடு நீளமானதைச் சேர்த்து வைத்தோம். சமபக்க முக்கோணம் வந்துவிட்டது! அப்படியானால் கர்ணம், சிறிய பக்கத்தைப் போல் இரண்டு மடங்கு. அதை அவளே கண்டுபிடித்தாள். நடுவில் நிற்கும் பக்கத்துக்குப் பிதாகரஸ் தேற்றம்: 4-ல் 1 போக 3, அதன் வர்க்கமூலம் √3.

பிறகு 5 : 5√3 : 10-ஐச் சுருக்கச் சொன்னேன். பொதுவான 5-ஐ நீக்கி 1 : √3 : 2 என்று எழுதியவள் பேனாவை வைத்துவிட்டாள். "சுருக்கினா முழு எண்தானே அத்தை வரணும்?" 12:18 என்றால் 2:3 என்றே வருஷக்கணக்காகப் பழகிய பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? நியாயமான கேள்வி. மறுபடி சிறிய பக்கம் 3 என்றேன். மற்றவை 3√3, 6. ஸ்கேலில் பார்த்தால் 3√3 ஏறக்குறைய 5.2 செ.மீ.

வியாழன்

45° முக்கோணத்துக்கு ஏ4 தாள் போதும். குட்டைப் பக்கம் நெட்டைப் பக்கத்தின் மேல் பொருந்துமாறு மூலையை மடித்தாள். மடிப்பு, 210 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம். அதன் மேல் இன்னொரு தாளின் நெட்டைப் பக்கத்தை வைத்தாள். இம்மி பிசகவில்லை. 1 : 1 : √2-ஐ விரலால் தடவிப் பார்த்தாள். 1922-ல் ஜெர்மனியில் இந்தத் தாள் அளவுகளை வகுத்தபோதே, பாதியாக மடித்தாலும் வடிவம் மாறாமல் இருக்க 1 : √2-ஐ எடுத்துக்கொண்டார்கள்.

210 : 297-ஐச் சுருக்கினாள். 70 : 99. "முழு எண் வந்துடுச்சே!" என்று துள்ளினாள். வர்க்கம் போடச் சொன்னேன். 70-ன் வர்க்கம் 4900, இரட்டித்தால் 9800. 99-ன் வர்க்கம் 9801. ஒன்று இடிக்கிறது. எவ்வளவு பெரிய முழு எண்களை எடுத்தாலும் இந்த இடிப்பு பூஜ்யமாகாது.