உஷ்ணத்தோடு ஒரு பேரம்

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்புகிறவர் ரிச்சி தெருவுக்கு வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை; இரு சக்கர வண்டிகளிலும் தலைச்சுமையாகவும் அட்டைப் பெட்டிகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றனவோ அந்தத் திசையில் நடந்தால் போதும். முதலில் ரேடியோவுக்கும் பிறகு டெலிவிஷனுக்கும் உதிரி பாகம் விற்றுச் செழித்த இத்தெருவும், இதையொட்டிய நரசிங்கபுரம் தெருவும், மீரான் சாகிப் தெருவும் இன்று கம்ப்யூட்டர் வியாபாரத்துக்குப் பிரசித்தி பெற்றிருக்கின்றன. வியாபாரம் கீழ்த்தளத்தில் நடக்கிறதென்றால், தொழில் நடப்பது மாடிகளில். விளையாட்டுக்கென்றே கம்ப்யூட்டர் கோத்து, அதன் வேகத்தை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மேல் உயர்த்தித் தருகிறவர்கள், அதாவது ஓவர்கிளாக் செய்கிறவர்கள், சிலர் அங்கே இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மே மாதப் பிற்பகலில் அவர்களில் ஒருவருடைய அறைக்கு ஏறிப் போனேன்.

அவர் நடுத்தர வயதினர், அதிகம் பேசாதவர். ரப்பர் விரித்த மேஜை, காந்த முனை வைத்த ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு தூரிகை, சுவரில் ஒரு வெப்பமானி, உதவிக்கு இரண்டு இளைஞர்கள்: இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. எடுபிடிப் பையனாக இந்தத் தெருவுக்கு வந்தது 1998-ஆம் வருஷம் என்றார். அந்த வருஷந்தான் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்ற மலிவான ப்ராசசரை வெளியிட்டது. 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதற்கென்று விற்கப்பட்ட அந்தச் சில்லு, மதர்போர்டின் துடிப்பை 66-லிருந்து 100-க்கு மாற்றிய மாத்திரத்தில், பெரும்பாலான சமயங்களில் யாதொரு முணுமுணுப்புமின்றி 450-இல் ஓடிற்று. பாதிக்குப் பாதி வேகம் இலவசமாகக் கிடைத்த அந்த அதிசயத்தைப் பார்த்தே தமக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததாக அவர் சொன்னார்.

நான் போயிருந்த வேளையில் கல்லூரி மாணவர் ஒருவர், வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியலைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். உச்சியில் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கடுத்து ஐ5-14600கே ப்ராசசர், பிறகு ரேம். போர்டும், எஸ்எம்பிஎஸ் என்று தெருவில் வழங்கும் மின்வழங்கியும், கேபினட்டும் கடைசியில், மீந்த பணத்துக்குக் கிடைத்தவையாக இருந்தன. “பசங்க மேல இருந்து எழுதுவாங்க சார், நான் கீழ இருந்து படிப்பேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் எஸ்எம்பிஎஸ் இருந்த வரியில் விரலை வைத்தார்.

அதன் மேலிருக்கும் தங்க முத்திரை, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அந்த மின்சாரம் அலையாமல் சீராக வருகிறதா, கிராஃபிக்ஸ் கார்டு கண நேரத்துக்குத் திடீரென்று இருமடங்கு கேட்டால் தாங்குமா என்பவற்றை அது சொல்வதில்லை. இந்தக் கண நேரப் பசியை உத்தேசித்தே ஏடிஎக்ஸ் 3.0 என்ற நியதி 2022-இல் வகுக்கப்பட்டது. ஆகவே அந்த நியதிக்கு உட்பட்ட 750 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை முதலில் நிச்சயம் செய்துவிட்டுத்தான் அவர் அடுத்த வரிக்கு ஏறினார்.

அடுத்த வரியில் ஒரு விபரீதம் காத்திருந்தது. ப்ராசசரின் பெயரில் ‘கே’ என்ற எழுத்து இருந்தால் அதன் பெருக்கெண் பூட்டப்படவில்லை, அதாவது வேகத்தை நாம் ஏற்றலாம் என்று பொருள். ஆனால் அந்தச் சுதந்திரத்தை அனுபவிக்க இன்டெல் வகையில் ‘இசட்’ வரிசை போர்டு வேண்டும். மாணவர் எழுதியிருந்ததோ பி760. பூட்டில்லாத ப்ராசசருக்கு அதிக விலை கொடுத்து, பூட்டை விடாத போர்டில் அதை உட்கார வைக்கும் இந்தப் பொருத்தம் வாரந்தோறும் தம்மிடம் வருவதாக அவர் சொன்னார். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் வகையிலே இந்தக் கட்டுப்பாடு சற்றுத் தளர்ச்சி. ‘பி’ வரிசை போர்டுகளிலும் வேகம் ஏற்ற இடமுண்டு, ‘ஏ’ வரிசையில்தான் இல்லை. அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டதற்கு மாணவர் சம்மதிக்கவில்லை. ஆகவே இசட்790 போர்டு என்று முடிவாயிற்று.

எல்லா இசட்790-ம் ஒன்றல்ல என்பதைக் காட்ட, அலமாரியிலிருந்து இரண்டு போர்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பிடித்தார். ப்ராசசர் உட்காரும் சதுரத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் கறுத்த கட்டிகள் சோக்குகள். அவற்றை ஒட்டி, உலோக வில்லைகளுக்கு அடியில் மறைந்திருப்பவை மாஸ்ஃபெட்டுகள். எஸ்எம்பிஎஸ் அனுப்பும் 12 வோல்ட்டை ப்ராசசருக்கு வேண்டிய சுமார் ஒன்றேகால் வோல்ட்டாகக் குறைத்துத் தருவது இந்தப் பரிவாரத்தின் வேலை. 14600கே முழு மூச்சில் 181 வாட் உண்ணும் என்பது கம்பெனிக் கணக்கு. அதை ஒன்றேகால் வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 145 ஆம்பியர் வருகிறது. வீட்டை ஆட்டிப் படைக்கும் ஏர் கண்டிஷனர்கூடப் பத்து ஆம்பியருக்குள் அடங்கிவிடும்போது, தபால் தலை அளவுள்ள ஓர் இடத்துக்குள் இத்தனை பிரவாகத்தைச் செலுத்துகிற கட்டிகள் சொற்பமாகவும், அவற்றின் மேலுள்ள வில்லை மெலிவாகவும் இருந்தால், ப்ராசசர் களைக்குமுன் போர்டு களைத்துவிடும் என்பது விளங்குகிறது. வில்லையைச் சுண்டுவிரலால் தட்டிப் பார்த்து, கனமான போர்டையே அவர் தேர்ந்தெடுத்தார்.

ரேம் விஷயத்தில் பெரிய எண்ணைக் கண்டு மயங்குவதே வழக்கம். 6400 என்று அச்சிட்டு, தாமத எண் 40 உள்ள ஜோடியைக் காட்டிலும், 6000 என்று அச்சிட்டு 30 உள்ள ஜோடி கேட்ட தகவலை முதலில் எடுத்துக் கொடுக்கும். முன்னதற்குப் பன்னிரண்டரை நானோ வினாடி, பின்னதற்குப் பத்து. நான்கு குச்சிகள் செருகினால் டிடிஆர்5 வகை நினைவகம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஸ்வபாவமுடையது. ஆகவே இரண்டே குச்சிகள்.

எல்லாவற்றையும் ஆளுவது உஷ்ணம். ப்ராசசர் செலவிடும் சக்தி, வேகத்தின் விகிதத்திலும் வோல்ட்டின் வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தை நூற்றுக்குப் பத்து ஏற்ற, வோல்ட்டையும் நூற்றுக்குப் பத்து ஏற்ற நேர்ந்தால், சூடு நூற்றுக்கு முப்பத்து மூன்று ஏறும். எந்தக் கூலரும், காற்றுக் கூலராயினும் தண்ணீர் ஓடும் கூலராயினும், அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒன்றைச் செய்துவிட முடியாது. குளிர்தேசத்து அறையில் 21 டிகிரியில் பரீட்சித்து எழுதிய அளவுகள், 36 டிகிரி உள்ள சென்னை அறையில் ஏறக்குறைய 15 டிகிரி கூட்டியே படிக்கத் தக்கவை. கண்ணாடி முகப்புக் கேபினட்டை அவர் நிராகரித்து, முன்புறம் வலை போட்டதை எழுதியதற்கு இதுவே காரணம்.

பாகங்கள் வந்து சேர்ந்த நாளில் மறுபடியும் போனேன். கோக்கும் வேலையை இளைஞரில் ஒருவர் செய்தார். ப்ராசசரின் முதுகில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, கூலரை அமர்த்தி, நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக முடுக்காமல், மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். ஒரு பக்கம் முதலில் இறுகினால் பேஸ்ட் மறுபக்கம் ஒதுங்கிவிடும். “கடைசித் திருப்பு வேணாம்டா தம்பி, நின்னுடுச்சுன்னா விட்ரு” என்றார் பெரியவர். “சரிண்ணே” என்று கையை எடுத்தார் இளைஞர்.

பரீட்சை தொடங்குமுன் அவர் செய்த முதற் காரியம், அறையின் ஏர் கண்டிஷனரை அணைத்தது. மாணவரின் விடுதி அறையில் அது கிடையாது என்பதை முன்பே விசாரித்து வைத்திருந்தார். பயாஸ் திரைக்குள் நுழைந்து வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவது, ப்ரைம்95-ஐ ஓட்டுவது, உஷ்ணத்தைக் குறித்துக்கொள்வது, மறுபடி ஏற்றுவது என்று நிதானமாகப் போயிற்று. பிரம்மாண்டமான பகா எண்களைத் தேடும் கணித ஆர்வலர்களுக்காகப் பிறந்த அந்த நிரல், ப்ராசசரைக் கசக்கிப் பிழிவதில் நிகரற்றதாயிருப்பதால், இவர்களுக்கு உரைகல்லாயிற்று. கம்பெனி அனுமதித்த உச்சம் 5.3 கிகாஹெர்ட்ஸ், 5.5 நின்றது, உஷ்ணம் 90 டிகிரியைத் தொட்டது, 5.6-இல் திரை நீலமாகிச் செத்தது. 100 டிகிரியில் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் வோல்ட்டை மேலும் ஏற்றிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. இதே பெயருள்ள வேறொரு பெட்டியில் 5.6-ம் நின்றிருக்கலாம், 5.4-கூட நிற்காமல் போயிருக்கலாம்; ஒரே தட்டில் பிறந்த சில்லுகளுக்குள்ளும் அவ்வளவு பேதம் உண்டு.

வியர்வையில் நனைந்து நாங்கள் அடைந்த லாபம் நூற்றுக்கு நான்குகூட இல்லை. செலரான் காலத்தில் உற்பத்தியாளர் விட்டுவைத்த மிச்சத்தை இன்று அவரே கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறார். சில சமயம் அளவுக்கு மேலும் எடுத்துக்கொள்கிறார். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்கள் சில மிகையான வோல்ட்டால் நாளடைவில் நிலைகுலைந்ததும், 2024-இல் அக்கம்பெனி திருத்த நிரல் வெளியிட்டு உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டியதும் இந்தத் தெருவில் எல்லாரும் அறிந்த கதை. ஆகவே வோல்ட்டை ஏற்றும் வித்தையோடு இறக்கும் வித்தையையும் இவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர் பழைய 5.3-க்கே திரும்பி, வோல்ட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். அதே வேகம், உஷ்ணம் மட்டும் கண்ணெதிரே 78-க்கு இறங்கிற்று. இரண்டு அமைப்புகளையும் பயாஸில் தனித்தனியே சேமித்து, ஒன்று போட்டிக்கு, ஒன்று தினப்படிக்கு என்று மாணவரிடம் சொன்னார்.

பில்லின் பின்புறத்தில் வேகம், வோல்ட், ப்ராசசரின் உஷ்ணம் ஆகிய மூன்றோடு, அறையின் உஷ்ணம் 36 என்பதையும் எழுதிக் கொடுத்தார். மார்கழியில் கோத்துக்கொண்டு போகிறவர்களைச் சித்திரை பிறந்ததும் யந்திரத்தோடு ஒருமுறை வரச் சொல்வது அவர் வழக்கம். அந்த இரண்டாவது பரீட்சைக்குக் கூலி வாங்குவதில்லை. மாணவருக்கு அந்தச் சிரமம் இல்லை. கத்திரி வெயிலில் நின்ற வேகம் எந்த மாதத்திலும் நிற்கும்.