சங்கிலிக்குக் காசு இருந்தது

எங்கள் வீட்டு நாய் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்தது. அது கடிக்கிற நாயாக வளர்ந்ததற்குக் காரணம் நான். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று குழந்தையின் தாய் கேட்டபோது, போட்டாயிற்று என்று பொய் சொன்னவனும் நான்தான். கடித்தது ஊருக்கே தெரியும். பொய் இரண்டு வீட்டாருக்கு மட்டும் தெரியும். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நடந்தது முழுசாக விளங்கும்.

கொடைக்கானல் மலையில் உள்ள எங்கள் ஊரான கூக்காலில் விவசாயம் பார்க்கிறவனுக்கு நாய் அவசியம். படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று ஏதாவது ஒன்று நின்றுகொண்டே இருக்கும். காடு வயல் ஓரம் வரை வந்து நிற்கிறது. இருட்டினால் காட்டுமாடு இறங்கும். பன்றி கிழங்கைக் கிளறும். நாய் குரைத்தால் விழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என் கணக்கு. பூம்பாறைப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. நாட்டு நாய்தான், காசு வேண்டாம் என்றார். குட்டிகள் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தன. "இன்னும் ஒரு மாசம் தாய்கிட்ட இருக்கட்டும், அப்புறம் வந்து எடுத்துக்க" என்றார் அவர். இன்னொரு தடவை பஸ் செலவு எதற்கு என்று அன்றைக்கே ஒன்றைச் சாக்குப் பையில் போட்டுத் தூக்கி வந்துவிட்டேன். மணி என்று பேர் வைத்தோம்.

அந்த ஒரு மாதத்தில் குட்டி என்ன கற்றுக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கூடப் பிறந்தவற்றோடு கட்டிப் புரளும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. மணிக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாமல் போனார்கள். என் விரலைக் கடித்தபோதெல்லாம் நான் அதன் மூக்கில் அடித்தேன்.

அந்த வருஷம் பூண்டு கைகொடுக்கவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அதனால் எல்லா வருஷமும் விலை நிற்கும் என்று எந்த விவசாயியும் நம்ப மாட்டான். விதைப்பூண்டுக்கும் ஆள்கூலிக்கும் போட்டது போகக் கையில் அதிகம் மிஞ்சவில்லை. ஆகவே நாய்க்கென்று செலவு செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போட வேண்டிய முதல் தடுப்பூசியைப் போடவில்லை. மூன்று மாதம் ஆனதும் போட வேண்டிய ரேபிஸ் ஊசியையும் போடவில்லை. கொடைக்கானல் போகச் சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு நாய்க்காக ஒரு நாள் வேலையை விடுவதா என்று வீட்டில் சொன்னேன். ஆனால் உரம் வாங்க அதே கொடைக்கானலுக்குப் போனேன். போனபோது, இழுத்தால் கழுத்தை இறுக்கும் இரும்புச் சங்கிலி ஒன்றை வாங்கி வந்தேன். சங்கிலிக்குக் காசு இருந்தது. ஊசிக்கு இல்லை என்றேன்.

சங்கிலி வாங்கச் சொன்னது கைப்பேசியில் பார்த்த வீடியோக்கள். நாய் ஓநாயின் வாரிசு, கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேண்டும், நீதான் தலைவன் என்று முதல் நாளே காட்டிவிடு, குட்டியை மல்லாக்கப் புரட்டி அமுக்கிப் பிடி என்று ஒருவர் செய்து காட்டினார். நானும் செய்தேன். அது என் கைக்குக் கீழே நடுங்கிக்கொண்டே சிறுநீர் விட்டது. அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அந்தத் தலைவன் கதை எங்கிருந்து வந்தது என்பதை மிகவும் பிந்தித்தான் படித்தேன். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது அது. அமெரிக்கரான டேவிட் மெக் 1970-இல் தம் ஓநாய் நூலில் அதை எடுத்துச் சொல்ல, உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999-இல் அந்தக் கருத்தை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்கள் பிள்ளைகள்; அங்கே சண்டை போட்டுத் தலைமை பிடிப்பவர் யாரும் இல்லை. எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நான் குட்டியை அமுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பச்சப்புள்ளையப் போயி இப்படிப் பண்ணுவாங்களாடா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் ஈரம் பண்ணினால் மூக்கை அதில் தேய்த்தேன். விளக்குமாற்றால் அடித்தேன். செய்த காரியத்துக்கும் அடிக்கும் நடுவில் ஒன்றிரண்டு நொடிக்கு மேல் போய்விட்டால் நாய்க்கு அந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியாது. நான் வயலிலிருந்து வந்து, காய்ந்துபோன ஈரத்தைப் பார்த்து அடித்தேன். அது கற்றுக்கொண்டதெல்லாம் நான் வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான். செய்ய வேண்டியிருந்தது மிக எளிது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போய், இருந்தால் தட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கி வைக்க முடியாது என்று தெரிந்திருந்தால் போதும். இதில் ஒரு பைசா செலவில்லை.

நான் பறித்துக்கொண்டவற்றில் பெரியது அதன் முதல் மூன்று மாதம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் நடந்த ஒரு சோதனை 1961-இல் வெளியானது. வேலி போட்ட வெளியில் நாய்க்குட்டிகளை மனித முகமே காட்டாமல் வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் எடுத்து ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டுத் திரும்ப வேலிக்குள் விட்டார்கள். 14 வாரம் வரை மனிதரையே காணாத குட்டிகள் அதற்குப் பிறகு காட்டு விலங்கைப் போல ஒதுங்கின; எவ்வளவு பாடுபட்டும் முழுசாக ஒட்டவில்லை. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-இல் எழுதிய நூலில், பிறந்த 3-ஆவது வாரத்திலிருந்து 12-ஆவது வாரம் வரைதான் நாய்க்கு உலகம் பழகும் காலம் என்றார்கள். அப்போது பார்த்துப் பழகியது பிறகு பயம் தராது. அப்போது பார்க்காதது பிறகு மிரட்டும்.

பழக்கிவிட எங்கள் ஊரில் என்னதான் இல்லை! பள்ளி விட்டுக் கத்திக்கொண்டு வரும் பிள்ளைகள், கம்பளி போர்த்திய பெரியவர்கள், மழைக்கோட்டு போட்ட ஆட்கள், மூட்டை சுமக்கும் குதிரை, ஏரியைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள், அவர்களுடைய பைக் சத்தம். ஊசி போட்டு முடியாத குட்டியை மண்ணில் இறக்கிவிடக் கூடாது என்றால், கையில் தூக்கிக்கொண்டு வாசலில் கால் மணி நேரம் நின்றிருக்கலாம். நான் அதை வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கிய கொட்டகையில் கட்டிப்போட்டேன். அது பார்த்தது ஒரு மண்சுவர், கொஞ்சம் வானம், சோறு வைக்க வரும் என்னை. மார்கழிப் பனியில் ராத்திரியெல்லாம் அனத்தும். காவல் நாய் அப்படித்தான் முரட்டுத்தனமாக வளர வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், கட்டிக்கிடக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படிக் குற்றம். நான் சட்டத்தை நினைக்கவில்லை. சிறுத்தை உலாவுகிற ஊரில், கட்டிப்போட்ட நாய் ஓடக்கூட முடியாது என்பதையும் நினைக்கவில்லை.

சாப்பாட்டில் செய்த பிழையும் உண்டு. மிச்சமான ரசஞ்சோறும் குழம்புச்சோறும் வைத்தேன். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகை உண்டாக்கும். பூண்டு விளைவிக்கிற எனக்கு இது தெரிந்தது, மணியின் ஈறு வெளுத்துக்கிடப்பதைக் கால்நடை மருத்துவர் உதட்டை விலக்கிக் காட்டியபோதுதான். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் வாங்கிப் போகிற சாக்லேட்டும் நாய்க்கு விஷம்தான். இதையும் பலர் அறியாமல் ஆசையாக ஊட்டுகிறார்கள்.

மணி ஒரு வயதைத் தாண்டியபோது வெளி ஆளைக் கண்டால் சங்கிலி அறுகிற மாதிரி பாயும். நல்ல காவல் நாய் என்று ஊரில் சொன்னார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. அது பயந்துபோன நாய். ஒரு சாயங்காலம் சங்கிலியின் கொக்கி கழன்றிருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி பந்தை எடுக்கக் கொட்டகைப் பக்கம் வந்தாள். கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது.

அவளுடைய அம்மா ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினார். கடிவாயில் மஞ்சளை அப்பினார். உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவியிருக்க வேண்டும். அங்கே நின்றிருந்த யாருக்கும் அது தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்து, "அண்ணே, இதுக்கு ஊசி போட்டிருக்கீங்கள்ல?" என்றார். "போட்டாச்சு, பயப்படாதம்மா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் வாய் தவறியும் வரவில்லை. நாலு பேர் நிற்கும்போது, நாய்க்கு ஊசிகூடப் போடாதவன் என்று பேர் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ரேபிஸ் அறிகுறி தென்பட்டுவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஊசி போட்டிருக்கிறது என்று நம்பி அந்தத் தாய் பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சாப்பிட உட்கார்ந்தேன். அம்மாதான் கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரியிலடா போட்ட?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா கேட்காமல் இருந்திருந்தால் நானாக எழுந்து போயிருப்பேனா? போயிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரியே போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "இத அப்பவே சொல்லியிருந்தா கடைசி பஸ்ஸாச்சும் புடிச்சிருப்பேன்ல அண்ணே" என்றார். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். வாடகை வண்டிக்கு ஆள் தேடி, விடியும் முன் கிளம்பினோம். ரத்தம் வந்த கடி என்பதால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தும் தேவைப்பட்டது. அந்தப் பிள்ளை துடித்த துடிப்பில் பாதியையாவது நான் ஒரு சின்ன ஊசியால் தடுத்திருக்கலாம். தடுப்பூசி முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். அரசு மருத்துவமனையில் ஊசிக்குக் காசில்லை. ஆனால் அந்தத் தாய் தினக்கூலிக்கு கேரட் பிடுங்கப் போகிறவர். ஊசி நாள் ஒவ்வொன்றும் அவருக்குக் கூலி போன நாள். கூலியை நான் கொடுக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். வண்டிச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொன்னார்கள். அதற்குள் நோய் தெரியாமல் உயிரோடு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் இருந்திருக்காது என்று பொருள். அந்த நாட்களில்தான் மணியை முதல்முறையாக நன்றாகப் பார்த்தேன். நான் கையைத் தூக்கினாலே கண்ணை மூடிக்கொள்ளும். சும்மா தலையைச் சொறிய எடுத்த கைக்கும் அப்படித்தான். மணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு மணிக்கு ஊசி போடப் போன இடத்தில் செலவைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. அரசு கால்நடை மருத்துவமனையில் அது நான் சங்கிலிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி முகாம் போட்டு இலவசமாகவே போடுகிற ஊர்களும் உண்டு. மருத்துவர் இன்னொன்றையும் சொன்னார். ஊசி போடாத நாய் காட்டுக்குள் போனால் டிஸ்டெம்பர் போன்ற நோய்களைச் செந்நாய்க்குக் கொடுத்துவிடும். 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். எங்கள் நாய்களுக்கு அதன் எல்லை தெரியாது. என் கஞ்சத்தனம் பக்கத்து வீட்டோடு நிற்கிற விஷயம் இல்லை என்று அப்போது புரிந்தது.

இப்போது சங்கிலி இல்லை. பின்கட்டுக்கு வேலி அடைத்து, கதவுக்கு இரண்டு தாழ் போட்டிருக்கிறேன். சந்தைக்குப் போகாத வெடித்த கேரட்டை வேகவைத்துச் சின்னத் துண்டுகளாக மடியில் கட்டிக்கொள்கிறேன். "வா" என்றால் வந்ததும் ஒரு துண்டு. வெளி ஆளைத் தூரத்தில் கண்டு குரைக்காமல் நின்றால் ஒரு துண்டு, என்றைக்காவது ஒரு முட்டை. வளர்ந்த நாய்க்கு இது மெதுவாகத்தான் ஏறுகிறது. பெரியவர்களை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. பிள்ளைகளோடு அதை என்றைக்கும் தனியாக விட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், நானும் விட மாட்டேன். என்னிடம் வரும்போது இன்னும் பக்கவாட்டில்தான் வருகிறது.

போன மாதம் மணிக்கு வருஷ ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, ஊசி போட்டாயிற்று என்று சொன்னேன். "அட்டையக் காட்டுங்கண்ணே" என்றார் அந்தத் தாய். கொடுத்தேன். தேதியையும் முத்திரையையும் விரல் வைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.