நின்றால் அணையும் வண்டி

அப்பாவின் மாருதி 800 ஓடும்போது அதன்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. நிற்கும்போதுதான் வம்பு. திண்டுக்கல் மணிக்கூண்டை நெருங்கி, வேகம் குறைத்து, பிரேக்கை மிதித்து வண்டி முழுதாக நிற்பதற்குள் எஞ்சின் இருமுறை நடுங்கி அடங்கிவிடும். பின்னால் பேருந்துகள் ஒலியெழுப்ப, 78 வயதுக்காரர் தலை குனிந்து சாவியைத் திருகிக்கொண்டிருப்பார். அருகில் அமர்ந்திருக்கும் எங்களுக்கு (அண்ணன் தம்பி இருவரில் எவர் இருந்தாலும்) எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாது.

நாகல் நகரில் நாற்பதாண்டுகள் பூட்டுப் பட்டறை நடத்தியவர் அவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறையை மூடிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “இனிமே யாரு செய்யப்போறா” என்று மட்டும் சொன்னார். பட்டறையின் கடைசி நல்ல காலத்தில் வாங்கியது இந்த வண்டி. 1998ஆம் வருடத்தியது, அப்போதே இரண்டாம் கை. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர். சனிக்கிழமை தோறும் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாளைப் பார்த்து வருவது ஒன்றே அதற்கு இப்போது மிஞ்சியிருந்த வேலை.

முதல் பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். நியாயமான சந்தேகம்தான். வண்டி நிற்கையில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் துளை மிகச் சன்னமானது; ஒரு துகள் அடைத்தாலும் போதும். பிளக்குகளையும் மாற்றி, ஐடிலிங் திருகைச் சற்று ஏற்றி அனுப்பினார்கள். அதன்பின் வண்டி நிற்கும்போதும் உறுமியது, உறுமிவிட்டு அணைந்தது. இரண்டாவது பட்டறைக்காரர் பெட்ரோலைக் குற்றம் சாட்டினார். 2025இல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது, பழைய ரப்பர் தாங்காது என்றார். அதுவும் ஆதாரமற்ற பேச்சல்ல. பெட்ரோல் குழாய்கள் எல்லாம் புதிதாயின. வண்டி பழையபடியே அணைந்தது.

இதற்கிடையே அப்பா வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தார். “பிரேக் கல்லாட்டம் இருக்குடா.” நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிரேக்கை ஒருவரும் சோதிக்கவில்லை. கால் தளர்ந்துவிட்டது, மனிதர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். தாடிக்கொம்பு சாலையில் ஒரு சனிக்கிழமை, சைக்கிளில் குறுக்கே வந்த பள்ளிச் சிறுவனுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. நின்றதும் அணைந்தது. சிறுவன் சிரித்தபடி போய்விட்டான். அப்பா வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

அன்றிரவு சாவியை எடுத்து ஒளித்து வைத்தோம். ஆயுள் முழுதும் சாவி செய்த மனிதரிடமிருந்து சாவியை ஒளிப்பது எத்தனை அசட்டுத்தனம் என்று அப்போது தோன்றவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வாங்க ஆளும் வந்தாயிற்று. அணைவதை மட்டும் சரிசெய்து கொடுத்தால் போதும் என்றார்.

அதற்காகத்தான் பேகம்பூர்ப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். நாங்கள் சொன்ன கதையைப் பாதியில் நிறுத்தி, “ஓட்டுறது யாரு தம்பி?” என்றார். அப்பா என்றோம். “அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க.”

அப்பா வந்தார். “சும்மா நின்னா அணையுதாய்யா, மிதிச்சா அணையுதா?” என்று கேட்டார் மெக்கானிக்.

“மிதிச்சாத்தான். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினா ஓடிக்கிட்டேதான் இருக்கு. பிரேக்கும் இறுகிப்போச்சு. ரெண்டும் ஒரே வாரத்துல வந்தது.”

நான்கு மாதங்களாக இதை நாங்கள் கேட்டதே இல்லை.

மெக்கானிக் எஞ்சினை நிறுத்திப் பிரேக்கை ஐந்தாறு முறை மிதிக்கச் சொன்னார். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பிரேக் பூஸ்டர் நலமாயிருந்தால், எஞ்சின் உயிர்பெற்றதும் மிதி காலடியில் சற்றே இறங்க வேண்டும். இறங்கவில்லை. பிறகு எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் குறடால் நெரித்துப் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னார். மிதி கல்லாகவே இருந்தது, எஞ்சின் அணையவில்லை.

விஷயம் இதுதான். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை வைத்தே பூஸ்டர் நம் காலுக்கு வலு சேர்க்கிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, இருபுறமும் வெற்றிடம். மிதித்தால் ஒருபுறம் மட்டும் வெளிக்காற்று புகும், அந்த அழுத்தம் பிரேக்கைத் தள்ளும். சவ்வு கிழிந்திருந்தால் காற்று மறுபுறத்துக்குக் கசிந்து எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். உதவி போவதால் பிரேக் இறுகுகிறது. கணக்கில் இல்லாத காற்று கலப்பதால் பெட்ரோல் விகிதம் கெடுகிறது. வேகத்தில் அந்தக் காற்று ஒரு பொருட்டல்ல; நிற்கையில் சுவாசிப்பதே கொஞ்சம்தான் என்பதால் எஞ்சின் திணறி அணைகிறது. கால் நூற்றாண்டைக் கடந்த ரப்பர் கிழிந்ததற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு பழுதைத்தான் நாங்கள் இரண்டாக்கி, ஒன்றை வண்டியின் பேரிலும் மற்றதை அப்பாவின் வயதின் பேரிலும் எழுதியிருந்தோம்.

மாருதி 800 உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டாலும் உதிரிபாகம் மதுரையில் கிடைத்தது. ஒரு பிற்பகல் வேலை. ஏற்றி வைத்திருந்த ஐடிலிங் திருகையும் இறக்கிவிட்டார்கள். “மிதிச்சுப் பாருங்கய்யா” என்றார் மெக்கானிக். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தார். பூட்டின் லீவரை அரத்தால் தேய்த்துவிட்டு விரலால் தடவிப் பார்ப்பாரே, அதே முகம். “இறங்குது” என்றார்.

ஒட்டன்சத்திரத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். சாவியை இரவோடிரவாகப் பழைய ஆணியிலேயே மாட்டினோம். அது எங்கே போயிருந்தது என்று அப்பா எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தபோது ஆணி காலியாக இருந்தது.