வழியனுப்பும் துறைமுகம்

வட ஜெர்மனியில் வேசர் என்றொரு நதி கடலோடு கலக்கும் இடத்தில், அதன் கீழ்க்கரையில், பிரேமர்ஹாஃபன் என்னும் நகரம் இருக்கிறது. பிரேமன் நகரத்தின் துறைமுகம் என்பதே அப்பெயரின் பொருள். பழைய கோயில்களையும் அரண்மனைகளையும் காணும் ஆவலோடு செல்வோர்க்கு அங்கே அதிகமாக ஒன்றும் இராது. ஆயினும் 1830 முதல் 1974 வரை எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், தாம் பிறந்த கண்டத்தைவிட்டுக் கப்பலேறிய துறை அது. பிறந்த ஊரைவிட்டு வேற்றூரில் அடுப்பு மூட்டிய நம் போன்ற குடும்பத்தார், மனத்தாலேனும் ஒருமுறை சென்று காணத்தக்க இடம். நேயர்களை உடனழைத்துக்கொண்டு நாம் அங்கே செல்வோம்.

முதலில் அவ்வூர் தோன்றிய வரலாற்றைப் பார்ப்போம். பிரேமன் பழம்பெரும் வணிக நகரம். ஆனால் கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளியிருப்பது. நதியில் மணல் படிந்து தூர்ந்துபோகவே, பெரிய கப்பல்கள் நகரம் வரையில் வர இயலாமற் போயிற்று. நகரத் தலைவராக இருந்த யோஹான் ஸ்மித் என்பவர் 1827-ஆம் ஆண்டில் அண்டை நாடாகிய ஹானோவரிடமிருந்து முகத்துவாரத்தில் நிலம் வாங்கினார். 1830-இல் புதிய துறை திறக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து புகையிலையும் பருத்தியும் வந்து இறங்கின. திரும்பிச் செல்லும் கப்பல்களை நிரப்பவோ போதிய சரக்கு இல்லை. வெறுமையாய்ப் போகும் கப்பலில் மனிதரை ஏற்றிச் சென்றால் கூலி கிடைக்குமே என்று வணிகர் கணக்கிட்டனர். ஏறுவதற்கு மனிதரும் திரண்டு நின்றனர்.

அவர்கள் ஏன் புறப்பட்டார்கள்? 1815-இல், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக மறு ஆண்டில் ஐரோப்பாவில் கோடையே வராமற் போயிற்று. ஓயாத மழையிலும் குளிரிலும் தானியம் அழுகிற்று. தென்மேற்கு ஜெர்மனியில் மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறத் தொடங்கினர். 1817-இல் வூர்ட்டம்பர்க் அரசாங்கம், எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கிய ஃபிரெடெரிக் லிஸ்ட் என்னும் இளம் அதிகாரியை ஹைல்பிரான் நகருக்கு அனுப்பி, புறப்பட்டு வந்திருந்தோரிடம் காரணத்தைக் கேட்டு எழுதச் சொல்லிற்று. பசியை மட்டுமன்றி, வரிச்சுமையையும் உள்ளூர் அதிகாரிகளின் கெடுபிடியையும் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அவ்வாறு கேட்டு எழுதிய அதிகாரியே, அரசின் குறைகளைப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னதற்காகச் சிறைப்பட்டு, 1825-இல் தம் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேற நேர்ந்தது! பென்சில்வேனியாவில் நிலக்கரி ஏற்றிச்செல்லும் ரயில்பாதை ஒன்றை அமைப்பதில் அவர் பங்கு கொண்டார். பின்னர்த் தாயகம் திரும்பி ரயிலுக்காகவே வாதாடினார். 1839-இல் நிறைவு பெற்ற லைப்சிக்–டிரெஸ்டன் ரயில்பாதைக்கு அவருடைய முயற்சியே பெருந்தூண்டுதல். ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கிட்டுப் பங்கிட்டு ஒரு குடும்பம் உண்பதற்கும் போதாமற் போனது, கைத்தறியை இயந்திரம் வீழ்த்தியது, 1840-களில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது ஆகியன பின்வந்த காரணங்கள். 1854-ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் அமெரிக்காவில் போய் இறங்கினர்.

ரயில் வருவதற்கு முன், வண்டியிலும் நடந்தும் ஆற்றுப் படகுகளிலும் பிரேமனை அடைந்து, அங்கிருந்து படகில் முகத்துவாரத்துக்கு வரவேண்டும். வந்தவுடன் கப்பல் புறப்பட்டுவிடாது. பாய்மரக் கப்பலுக்குக் காற்று அநுகூலமாக வேண்டும். அதுவரையில் விடுதிக்காரர்களுக்குக் கொடுத்தே வழிச்செலவு கரைந்துபோகும். கப்பலிலோ, மேல்தளத்துக்கும் அடியிலுள்ள சரக்கறைக்கும் நடுவேயிருந்த இடைத்தளமே ஏழைகளின் இருப்பிடம். வரும்போது சரக்கு கிடந்த இடத்தில், போகும்போது பலகைகளை அடித்து இரண்டு அடுக்காகப் படுக்கை அமைப்பார்கள். ஆறு வாரம், எட்டு வாரம், சில சமயம் அதனினும் அதிகமாக அங்கேதான் வாசம். உப்பிட்ட இறைச்சி, பட்டாணி, அவரை, கல்போன்ற ரொட்டி ஆகியவையே உணவு. புயல் வந்தால் மேல்வாயிலை மூடிவிடுவார்கள். உள்ளே இருளும் துர்நாற்றமும் குழந்தைகளின் அழுகையுமே மிஞ்சும்.

இந்த நிலையில் பிரேமன் அரசு 1832-இல் ஒரு சட்டம் செய்தது. கப்பல் கடலோட்டத்துக்குத் தகுதியுடையது என்று நிரூபிக்க வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குப் போதுமான உணவு ஏற்ற வேண்டும். பிரயாணிகளின் பெயர்ப்பட்டியலை எழுதி ஒப்படைக்க வேண்டும். இது முழுவதும் கருணையால் பிறந்ததன்று. நல்ல பெயர் எடுத்த துறைக்கே பிரயாணிகள் வருவார்கள் என்ற வணிக அறிவும் அதில் உண்டு. ஆனால் பசித்த குழந்தைக்கு ரொட்டி கிடைத்ததா என்பதே கேள்வி. அது எவ்வெண்ணத்தால் கிடைத்தது என்பதன்று. போட்டித் துறைமுகமாகிய ஹாம்பர்க்கும் 1837-இல் இத்தகைய விதிகளைச் செய்தது.

சட்டம் காற்றைக் கட்டுப்படுத்தாது. 1854 நவம்பரில் பிரேமர்ஹாஃபனிலிருந்து புறப்பட்ட யோஹான்னே என்னும் கப்பல், ஸ்பீக்கரோக் தீவின் கரையருகே புயலில் தரைதட்டி உடைந்தது. அமெரிக்காவைக் காணாமலே எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைப் புதைத்த இடம் அத்தீவில் இன்றும் இருக்கிறது. இத்தகைய துயரங்களின் பயனாக 1865-இல் ஜெர்மானியக் கடல் மீட்புச் சங்கம் தோன்றியது.

1850-இல் பிரேமர்ஹாஃபனில் குடியேறுவோர்க்கென ஒரு பெரிய சத்திரம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் தங்கும் கூடங்களும், பெரிய சமையலறையும், நோயாளிகளுக்கு அறைகளும், சிறு தேவாலயமும் அதில் இருந்தன. ஆனால் 1862-இல் பிரேமனிலிருந்து துறைமுகம் வரையில் ரயில் ஓடத் தொடங்கியது. நாள் குறித்துப் புறப்படும் நீராவிக் கப்பல்களும் பெருகின. கடற்பிரயாணமும் இரண்டு வாரமாகச் சுருங்கிற்று. கப்பல் புறப்படும் சமயத்துக்கு ரயிலில் வந்து இறங்கினால் போதும் என்றாகவே, சத்திரம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ரயில் பல ஊர்களைத் திறந்துவைத்தது என்பார்கள். இங்கே அது ஒரு சத்திரத்தின் கதவைச் சாத்திற்று.

இனி, பதிவேட்டோடு நாள் முழுவதும் பழகும் நம் மனத்தை மிகவும் வருத்திய செய்திக்கு வருவோம். 1832 முதல் அவ்வளவு கவனமாக எழுதப்பட்ட பிரேமன் பெயர்ப்பட்டியல்கள் இன்று எங்கே? 1875 முதல், மூன்று ஆண்டுகளுக்கு முற்பட்ட பட்டியல்களை, அலுவலகத்தில் இடமில்லை என்ற காரணத்தால் அழித்துவந்தார்கள்! எஞ்சியவற்றுள் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் தொலைந்தது. ஹாம்பர்க் நகரமோ 1850 முதல் 1934 வரையிலான தன் பட்டியல்களைப் பெரும்பாலும் காப்பாற்றி வைத்திருக்கிறது; பிரயாணியின் பெயரோடு தொழிலும் சொந்த ஊரும் அவற்றில் உண்டு. பிரேமர்ஹாஃபன் வழியே சென்றோரின் பேரப்பிள்ளைகள் அமெரிக்கத் துறைமுகங்களின் ஏடுகளைத் தேடுகிறார்கள். கப்பலின் பெயர் கிடைக்கிறது. வந்த நாள் கிடைக்கிறது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ‘ஜெர்மனி’ என்ற ஒரே சொல்தான். பாட்டனார் எந்தக் கிராமத்தில், எந்தத் தெருவில் விளையாடினார் என்பதை அந்த ஒரு சொல் சொல்லுமா?

2005-ஆம் ஆண்டு முதல் பிரேமர்ஹாஃபனில் குடியேற்ற அருங்காட்சியகம் ஒன்று நடைபெறுகிறது. கப்பலின் பக்கச்சுவரை ஒட்டி, மூட்டை முடிச்சுகளோடு காத்துநிற்கும் ஆண் பெண் குழந்தைகளின் ஆளுயர உருவங்களை அங்கே காணலாம். மற்றோர் அறையில் வரிசை வரிசையாகச் சிறு இழுப்பறைகள். திறந்தால் புறப்பட்டுப் போனவர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு. மூன்று ஆண்டுக் காகிதத்துக்கு இடமில்லை என்று கைவிரித்த நாட்டில், ஒவ்வொரு மனிதரின் நினைவுக்கும் இன்று ஓர் அறை தேடுகிறார்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோளோடு விடைபெறுகிறோம். நம்முள் எவரும் பெயர்ப்பட்டியலில் எழுதப்பட்டு இங்கே வந்தவரல்லர். ரயில் சீட்டை வாயிலில் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர்கள். ஆகவே நம் பட்டியலை நாமேதான் எழுத வேண்டும். குடும்பத்தில் முதலில் வந்தவர் யார், எந்த ஆண்டில், எந்தக் கிராமத்திலிருந்து, என்ன வேலைக்காக என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். அலமாரியில் அதற்கு அதிக இடம் வேண்டியதில்லை.