நாமக்கல்லில் ஒரு நடுக்கம்
நாமக்கல்லில் கோட்டையை விட அதிகமாகக் கண்ணில் படுவது லாரிதான். கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மச்சானோடு சேலம் ரோட்டுப் பட்டறைக்குப் போனேன்.

"60 தாண்டுனா ஸ்டியரிங் சாமி வந்த மாதிரி ஆடுது மாப்ளே!"

முன் சக்கரம் இரண்டும் புது டிஸ்க், புது டயர். முந்தின நாள்தான் வேறொரு கடையில் மாட்டியது. விடிந்தால் கேரளாவுக்கு முட்டை லோடு. ஆடுகிற வண்டியில் முட்டை!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பேலன்ஸ், ஷீட்டில் வருவது. இருந்தாலும், "பேலன்ஸ் பண்ணிட்டா சரியாயிடுமே?" என்றேன்.

"கோணலா உக்காந்த சக்கரத்துக்கு பேலன்ஸ் எதுக்குங்க?" என்றார் மெக்கானிக் அண்ணன். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கிங்பின்னில் ஆட்டமில்லை. பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, டயரின் ஓரத்தில் சாக்பீஸை அசையாமல் பிடித்தார். இடது சக்கரம் ஒழுங்கு. வலது, சுற்றுக்கு ஒரு தடவை அதே இடத்தில் உரசியது.

கழற்றினால், ஹப் முகத்தில் துரு. அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து முடுக்கியிருக்கிறார்கள் புண்ணியவான்கள். நடுவில் நூலளவு துரு இருந்தால் டயர் ஓரத்தில் அது பல மடங்கு ஆட்டமாம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டுகளை எதிரெதிராக முடுக்கினார்.

"100 கிலோமீட்டர் ஓடுனதும் நிறுத்தி, மறுபடி முடுக்கிப் பாருங்க. மறந்தீங்கன்னா சக்கரம் உங்களுக்கு முன்னாடி ஊர் போய்ச் சேர்ந்துரும்."

திரும்பும்போது 70-ல் ஸ்டியரிங் கப்சிப். மச்சான் பழைய கடைக்குக் கொடுத்த கூலியை நினைத்துப் புலம்ப ஆரம்பித்தார்.